முதல் சர்வீஸுக்குப் பிறகு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் வீட்டில் அவளும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கச் சோதனைக் காரில் உட்கார்ந்து குலுங்கினால் முதுகு எங்கே தேறப்போகிறது. போன் பண்ணலாம்தான். உன் கம்பெனி வாசலிலேயே போனை வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். நீ அறைக்கு வந்தபின் பேசினாலோ, நலம் விசாரிப்பதற்குள் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில்தான் நாம் இருவரும் நல்ல பிள்ளைகள்.

உன் குருவி எங்கள் ஷோரூமுக்கு வந்துவிட்டது. சின்னக் கார், சின்ன விலை, உள்ளே இருப்பதோ பெரிய மூச்சு. இந்த விலைக்கு இந்த வேகத்தை யாரும் கொடுத்ததில்லை என்று சேல்ஸ் பையன்கள் வாய் ஓயாமல் சொல்கிறார்கள். நான் சர்வீஸ் பொறுப்பாளன், விற்பது என் வேலையில்லை. ஆனாலும் இன்ஜினுக்கு மேப் எழுதியது என் அக்கா என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். மேப் என்றால் வரைபடமா என்று கேட்பவர்களிடம், எந்த மிதிக்கு எவ்வளவு சக்தி என்று இன்ஜினுக்கு எழுதிக் கொடுக்கும் கணக்கு என்று விளக்கி விளக்கி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

முக்கியமான சேதி, அத்தை குருவி வாங்கிவிட்டார். என் மாமியார்தான், வேறு எந்த அத்தை? பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு கார் ஓட்டக் கற்றவர், நிதானமாக ஓட்டுவார் என்று நினைத்தோம். தன் வீட்டுக்குப் போகும் நீர்த்தொட்டி மேட்டில் மூன்றாவது கியரிலேயே லாரிகளைத் தாண்டிப் போகிறாராம். பக்கத்தில் உட்கார்ந்து வந்த என் மனைவி வீட்டுக்கு வந்து நேராகப் படுத்துவிட்டாள். வாங்கலாமா என்று அத்தை கேட்டபோது நீ எழுதியதைத்தான் வாசித்துக் காட்டினேன். 'கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்' என்று எழுதியிருந்தாயே, அதை. அதற்கு அத்தை, ஓட்டும்போதாவது கண்ணைத் திறக்கலாமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னார்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். முதுகு அதுபாட்டுக்கு இருக்கிறது. உன் தும்மல் நின்றதா? அத்தையின் கேள்வியை வாசித்து வாய்விட்டுச் சிரித்தேன். எதிரில் இருந்த கத்தரிக்கோல் நிமிர்ந்து பார்த்தார். விலைப் பிரிவின் தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது. எங்கே எதை வெட்டினால் காரின் விலை இறங்கும் என்பதைத் தவிர அவருக்கு வேறு சிந்தனை கிடையாது.

ஒரு சின்ன வேலை. குருவி வாங்கியவர்களை முதல் சர்வீஸுக்குச் சீக்கிரம் வரச் சொல். அவர்களாக வரட்டும் என்று காத்திருக்காமல் நீயே கூப்பிடு. கம்பெனியிலிருந்து ஒரு அப்டேட் வரும், அதை எல்லா வண்டிக்கும் ஏற்றிவிடு. கியர் மாற்றுவது இன்னும் மென்மையாகும். அத்தையின் வண்டியை முதலில் கூப்பிடு. மற்றவர்கள் முன்பின் ஆனாலும் பரவாயில்லை, அவரை மட்டும் தள்ளிப்போடாதே.

உன் மனைவியை எழுந்து நடமாடச் சொல்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். தும்மல் நிற்கவில்லை, பட்டறைத் தூசு இருக்கும்வரை நிற்காது.

நீ சொன்னபடியே எல்லோரையும் கூப்பிட்டேன். மாமியார் வண்டிக்கு முதல் மரியாதையா என்று பட்டறையில் கேலி பேசினார்கள். கேபிளை மாட்டி என் கையாலேயே அப்டேட் ஏற்றி, கண்ணாடியெல்லாம் துடைத்து அனுப்பினேன்.

அடுத்த நாளே அத்தை வந்து நின்றார். "மாப்ளே, வண்டி மேட்டுல மூச்சு வாங்குது" என்றார். மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது இரண்டாவதுக்கு வர வேண்டியிருக்கிறதாம். லாரிக்காரன் ஹாரன் அடித்துத் தாண்டிப் போனானாம். அந்தக் கோபம் வேறு.

காற்று, பெட்ரோல், பிளக், ஃபில்டர் எல்லாம் பார்த்தேன். கம்ப்யூட்டரை மாட்டினால் ஒரு கோளாறும் இல்லை என்கிறது. நானும் ஓட்டிப் பார்த்தேன். கொஞ்சம் மந்தமாகத்தான் தெரிந்தது, ஆனால் புதிதில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாதே. அத்தை சாவியை யாரிடமும் கொடுத்ததில்லை. மற்ற குருவிக்காரர்கள் எல்லாம் சமதரையில் ஆபீஸ் போய் வருகிறவர்கள், அவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அப்டேட்டில் ஏதாவது இருக்குமா அக்கா? நீ சொன்னால் போதும், அத்தைக்கு அதையே சொல்லிவிடுவேன்.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வேலை நெருக்கியதால் உடனே எழுத முடியவில்லை, கோபிக்காதே.

அத்தை சொன்னதைப் பற்றி யோசித்தேன். புதுக் காரில் முதல் சில வாரம் எல்லாமே வேகமாகத்தான் தெரியும். பழகப் பழக அந்தத் துள்ளல் அடங்கிவிட்டதாகத் தோன்றும். வெயில் ஏறினாலும் இன்ஜின் கொஞ்சம் மந்தப்படும். பெட்ரோல் பங்கை மாற்றிப் பார்க்கச் சொல். இன்னொன்றும் இருக்கிறது, நீ பக்குவமாகச் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டிய பிறகு மிதியின் அழுத்தம் தானாகக் குறையும். அழுத்துகிறோம் என்று நினைப்போம், கால் அவ்வளவு அழுத்தியிருக்காது. எங்கள் சோதனை ஓட்டுநர்களிடமே இதைப் பார்த்திருக்கிறோம்.

அத்தைக்கு ஒரு ரவிக்கைத் துணி அனுப்பியிருக்கிறேன். அவருக்குப் பிடித்த நீலம்.

அன்புடன்,
அக்கா

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். துணி வந்து சேர்ந்தது.

நீ எழுதியதை அத்தையிடம் சொன்னேன். பெட்ரோல் பங்கை ஏற்கெனவே மாற்றிவிட்டாராம். ஆகவே மிச்சமிருந்த காரணத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. எத்தனையோ சுற்றி வளைத்தேன், ஆனால் வயது என்ற வார்த்தையைச் சுற்றிக்கொண்டு எவ்வளவு தூரம்தான் போவது? என் அக்கா இதே வேலையாக இருக்கிறவள், அவளே சொல்கிறாள் என்றேன். அத்தை தன் வலது காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஐம்பது வயதில் பிள்ளைகளோடு ஓட்டப்பந்தயம் ஓடி ஜெயித்த கால் அது, உனக்குத் தெரியும்.

"சரி மாப்ளே, யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும். வெளியாள் சொல்றதுக்கு நீங்களே சொன்னது நல்லது" என்றார்.

சாவியை என் மேசை மேல் வைத்துவிட்டு ஆட்டோவில் வீட்டுக்குப் போனார். கார் எங்கள் வீட்டு வாசலில் உறை போட்டு நிற்கிறது. என் மனைவி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. உண்மையைத்தானே சொன்னேன் என்று அவளிடம் வாதாடிப் பார்த்தேன், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் சொன்னது சரிதானே அக்கா?

அன்புடன்,
தம்பி

ஜூன் 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் அவளும் சண்டை போடாமல் இருங்கள். இங்கே மழை பிடித்துக்கொண்டது, ஓடுபாதை ஈரமாக இருப்பதால் சோதனை தள்ளிப் போகிறது. அறையை மாற்றிவிட்டேன். புது அறையில் ஜன்னல் பெரிது, வெளிச்சம் நன்றாக வருகிறது. முதுகுக்குப் பலகைக் கட்டில் வாங்கினேன்.

குருவிகள் எல்லாம் முதல் சர்வீஸுக்கு வந்துவிட்டனவா? விட்டுப்போன வண்டி இருந்தால் சீக்கிரம் முடித்துவிடு.

அத்தையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 30

அக்காவுக்கு,

விட்டுப்போன வண்டி ஒன்றே ஒன்று இருந்தது. பல் டாக்டருடையது. வாங்கிய கையோடு மேல்படிப்புக்காக வெளிநாடு போனவர், இந்த வாரம்தான் திரும்பி வந்து வண்டியை விட்டார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று நீர்த்தொட்டி மேட்டுக்கு எடுத்துப் போனேன்.

மூன்றாவது கியரில் ஏறியது, அக்கா. மிதித்த மிதிக்கு முதுகை சீட்டோடு அழுத்திக்கொண்டு ஏறியது. உச்சிக்குப் போய் ஓரமாக நிறுத்தினேன். அத்தை சொன்ன லாரிக் கதைகளெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

பட்டறைக்குத் திரும்பி, கேபிளை மாட்டி, நீ சொன்ன அப்டேட்டை ஏற்றினேன். ஆற விடாமல் அதே வண்டியை அதே மேட்டுக்குக் கொண்டுபோனேன். பாதி மேட்டில் முக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது கியருக்கு வந்துதான் மேலே போனேன். அதே கார், அதே டயர், அதே பெட்ரோல், அதே கால். என் காலுக்கு வயது முப்பத்து நான்கு.

நீ எதையாவது சொல்வாய் என்று காத்திருக்கிறேன்.

தம்பி

ஜூலை 22

அக்காவுக்கு,

பதில் இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று பயந்து உன் ஆபீஸுக்கே கூப்பிட்டேன். நன்றாக இருக்கிறாய் என்றும் மீட்டிங்கில் இருக்கிறாய் என்றும் சொன்னார்கள். நன்றாக இருப்பதில் சந்தோஷம்.

அத்தை காலைநடையை நிறுத்திவிட்டார். நடைக்கு வரும் தோழிகளுக்குத் தன்னால் தாமதம் ஆகிறது என்கிறார். நேற்றுவரை அவர்களை இழுத்துக்கொண்டு முன்னால் போனவர் அவர்தான்.

தம்பி

ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

இதை நாலைந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

குருவியின் இன்ஜினை நான் ஆசை ஆசையாகச் செய்தேன். விலையை அறிவித்த பிறகுதான் கியர்பாக்ஸ் சோதனை முடிந்தது. அந்த கியர்பாக்ஸ் எங்கள் சாதாரணக் குடும்பக் காருடையது. அதைப் போட்டதால்தான் அந்த விலைக்கு விற்க முடிந்தது. என் இன்ஜினின் வேகத்துக்கு மூன்றாவது கியரின் பல் தெறித்தது. வலுவான கியர்பாக்ஸ் போட்டால் விலை ஏறும். விலை ஏறினால் இந்தக் காரை வாங்குகிறவர்களால் வாங்க முடியாது, கம்பெனிக்கும் கையைக் கடிக்கும். இன்ஜினை அடக்கினால் விளம்பரத்தில் சொன்னது என்ன ஆவது? கத்தரிக்கோல் பத்திரிகைக்காரர்களை ஏற்கெனவே ஓட்ட அழைத்துவிட்டிருந்தார். கடைசியில், முழுச் சக்தியோடு வெளியே விடுவது, முதல் சர்வீஸில் நடுவேகத்தில் மட்டும் குறைத்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள். உச்ச வேகத்தில் இன்ஜினை ஓடவிட்டால் சொன்ன குதிரைத்திறன் இன்றும் கிடைக்கும். அந்த எண் பொய்யில்லை.

அத்தையின் வண்டியை முதலில் கூப்பிடச் சொன்னது எதற்கு என்று இப்போது உனக்குப் புரியும். மேட்டில் கியர் உடைந்து அவர் நடுவழியில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான். இதை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நான் கெட்டவள் இல்லையடா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஆகஸ்ட் 21

அக்காவுக்கு,

முடிவெடுத்தார்கள் என்கிறாய். அந்த மேப்பை எழுதியது யார்? மேட்டில் இருக்கும் ஒரு வீட்டுக்காரியைத் தவிர யாருக்கும் தெரியாதபடி, அவ்வளவு நைசாகக் குறைக்க உன்னைவிட்டால் அங்கே யாருக்கும் வராது. எனக்கு உன் கையைத் தெரியும்.

விலை சமாசாரம் எனக்குப் புரியாமல் இல்லை. தினமும் அதைத்தான் பார்க்கிறேன். சின்ன விலையில் வேகம் வேண்டுமென்றால் எங்காவது எதையாவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். இழுவையைக் குறைத்தோம், இல்லாவிட்டால் பல் உடையும் என்று சொல்லியிருந்தால் அத்தை இரண்டு நாள் கம்பெனியைத் திட்டிவிட்டு இரண்டாவது கியரில் போயிருப்பார். வெளியே சொல்லக் கூடாதென்றால் நான் வெளியாளா? சரி, சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் காலைப் பற்றி எழுதினாயே, அதை எழுதச் சொல்லி யார் கையெழுத்து வாங்கினார்கள்? அதை நீயாக யோசித்து, நீயாக எழுதி, பக்குவமாகச் சொல் என்று என் வாயில் வைத்து அனுப்பினாய். அவர் வாங்கும்போதே உனக்கு எல்லாம் தெரியும். என்னைக் கேனையனாக்கியதைக்கூட மறந்துவிடுவேன். என் வாயாலேயே அவரைச் சாய்த்தாயே, அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி யார் வண்டிக்கு அப்டேட் ஏற்றினாலும் எதற்கென்று சொல்லிவிட்டுத்தான் ஏற்றுவேன் என்று முதலாளியிடம் சொன்னேன். நாளையிலிருந்து கார் கழுவும் பகுதியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அது போகட்டும். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். உங்கள் கால் நன்றாக இருக்கிறது, வண்டியைத்தான் குறைத்திருக்கிறார்கள் என்று படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார், என் தலையைத் தடவினார்.

"என்னைத் தேத்தறதுக்கு அக்காகிட்ட சொல்லி எழுதி வாங்கினீங்களா மாப்ளே?" என்றார்.

காரில் உட்காரச் சொன்னேன், மறுத்துவிட்டார். நான் இனி எதைச் சொன்னாலும் ஆறுதலுக்குச் சொல்வதாகவே அவருக்குப் படுகிறது. நீ வா. ஒரே ஒரு நாள் வந்து, அவர் முகத்தைப் பார்த்து, நான்தான் குறைத்தேன் என்று சொல். உன்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

தம்பி

செப்டம்பர் 28

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதம் படிக்கப் படிக்க வலித்தது. நீ சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் இப்போது வர முடியாத நிலை. அடுத்த காரின் இன்ஜின் பொறுப்பை முழுக்க என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இந்த முறை நல்ல கியர்பாக்ஸ், நான் சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். இந்த நேரத்தில் குருவியைப் பற்றி நான் வாயைத் திறந்தேன் என்று தெரிந்தால் எல்லாம் போய்விடும். அடுத்த வருஷம் லீவு கிடைக்கும், அப்போது நிச்சயம் பார்க்கலாம். அதுவரை நீயே அத்தையிடம் பொறுமையாகப் பேசு. நாளாக நாளாக அவருக்கே புரியும். நல்ல டயர் நான்கு அவர் வண்டிக்கு அனுப்புகிறேன். மேட்டில் பிடிப்பு கூடும்.

கழுவும் பகுதியில் ஈரத்திலேயே நிற்காதே, உனக்குச் சளி பிடிக்கும்.

அன்புடன்,
அக்கா

அக்டோபர் 19

அன்புள்ள மகளுக்கு,

நான் நலம். நீங்கள் நலமாக இருக்கிறீர்களா? முதுகுவலி என்று மாப்பிள்ளை முன்பெல்லாம் சொல்வார். சுவரில் முதுகைச் சாய்த்து நேராக நில்லுங்கள், காலையும் மாலையும். பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததுதான், பலன் தெரியும்.

உங்களுக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீங்கள் அனுப்பிய டயர்கள் வந்தன. மாப்பிள்ளை அவற்றைக் கையால் தொடவில்லை. வாசலிலேயே கிடக்கின்றன. உங்கள் பேரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். உங்களுக்கு இப்போதெல்லாம் கடிதம் எழுதுவதில்லை என்று என் மகள் சொன்னாள். கூடப் பிறந்தவர்கள் இப்படி இருப்பதற்கு நான் காரணமாகிவிட்டேனே என்று எனக்கு மனம் கேட்கவில்லை.

அவர் மேல் கோபப்படாதீர்கள். என் கால் போய்விட்டது என்று அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதிலிருந்து அவருக்கு நிம்மதி இல்லை. அதனால்தான் என் மனம் நோகக் கூடாதென்று வண்டியின் மேல் பழியைப் போட்டார், பிறகு உங்கள் மேலேயே போட்டார். நீங்களும் பெரிய மனது பண்ணி அவர் சொன்னபடி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அதைக் கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தம்பியை அவ்வளவு நேசிக்கிற பெண், அவருக்கே தெரியாமல் அவர் கையாலேயே அப்படி ஒரு காரியத்தைச் செய்ய வைப்பாளா? நான் எத்தனை பெண் பிள்ளைகளை வளர்த்து அனுப்பியவள், இதுகூடவா புரியாது?

நீங்கள் முதலில் எழுதியதுதான் சரி. டாக்டரிடம் போனேன். காலில் ஒன்றும் இல்லை என்றார். அவர் சின்னப் பையன், வயசானவளிடம் வேறென்ன சொல்வார்? இப்போது ஒரு கைத்தடி வாங்கிக்கொண்டேன். மாடி அறையை விட்டுக் கீழே வந்துவிட்டேன். பழகிவிட்டது.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை, அத்தைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் எழுதினேன் என்று மாப்பிள்ளைக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். நீங்கள் சொன்னால் அவர் நம்புவார்.

ஆசிகளுடன்,
அத்தை